காற்றையும் சேர்த்துக் கேட்டல்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக வளைந்து வளைந்து ஏறும் பாதை, தேயிலை மலைகளைக் கடந்து, ரிவர்ஸ்டன் கணவாயை எட்டும்போது, முதலில் நம்மை எதிர்கொள்வது காற்றே. சில ஆண்டுகளுக்கு முன், அம்மலையடித் தோட்டமொன்றில் பிறந்து, வாழ்நாளெல்லாம் கொழுந்தெடுத்து ஓய்ந்த ஒரு மூதாட்டியை, அவர் விருப்பப்படியே அக்கணவாயில் அமரச்செய்து, அவர் கதையை ஒலிப்பதிவு செய்தேன். வீடு திரும்பி, காற்றின் இரைச்சலைக் கருவியின் துணையால் அகற்றிவிட்டுக் கேட்டபோது திடுக்கிட்டேன்: காற்றை மீறிக் கேட்கவேண்டுமே என்று உரத்துப் பேசிய அந்தக் குரல், காற்று நீங்கியதும், கோபக் குரலாகிவிட்டிருந்தது. விவரணச் சித்திரம் என்று வானொலியார் வழங்கும் கலையின் சக்தியையும் அபாயத்தையும் எனக்குக் கற்பித்தது அந்தப் பதிவுதான்.

இக்கலைக்கு மலையகத்தில் தேவை மிகுதி. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காக மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்துவந்து, வாந்திபேதிக்கும் பசிக்கும் பலரைப் பலிகொடுத்த ஒரு ஜனசமூகம், தோட்டத்துச் செக்ரோல் என்னும் பெயர்ப் பதிவேட்டில் வெறும் பெயராகவும், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தில் நாடற்ற கூட்டமாகவும், 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000 என்ற எண்ணிக்கையாகவுமே பதிவாயிற்று. மூதாட்டியின் வாயில் அந்த ஒப்பந்தத்துக்குப் பெயரே இல்லை. இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோரை ஏற்றிச் சென்ற ரயிலின் பெயரால் ‘அழுகைக் கோச்சி’ என்றுதான் சொன்னார். அக்கா அந்தக் கோச்சியில் ஏறிய கதையைத் தொடங்கியவர், “கையத் தொட்டேன்” என்று நிறுத்தி, நெடுநேரம் பேசவில்லை. அந்த மௌனத்தை அச்செழுத்து எவ்வாறு தாங்கும்? தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்த ஸி. வி. வேலுப்பிள்ளையின் தொண்டு மகத்தானது. ஆயினும் பாடியவளின் மூச்சும், இரண்டு அடிகளுக்கு இடையில் அவள் வாங்கிய இளைப்பும் ஏட்டில் ஏறுவதில்லை. ஒலிப்பதிவு அதைக் காக்கிறது.

கேட்கும் முறையிலும் இந்நாட்டுக்கு ஓர் அனுபவம் உண்டு. 1981இல் தொடங்கிய மகாவலி சமுதாய வானொலியின் தயாரிப்பாளர்கள், மகாவலித் திட்டக் குடியேற்றக் கிராமங்களில் நாட்கணக்கில் தங்கி, மக்களோடு பழகிய பின்னரே ஒலிவாங்கியை நீட்டினர். கொத்மலை நீர்த்தேக்கத்தால் இடம்பெயர்ந்தோரின் பிரதேசத்தில் 1989இல் கொத்மலை வானொலி எழுந்தது. அவசரமற்ற அந்தத் தங்கல் போற்றத்தக்கது. எனினும், மண்ணை மூழ்கடித்த அரசே ஒலிவாங்கியையும் கொடுக்கும்போது, குடிநீரைப் பற்றிக் கூசாமல் பேசும் நா, அணையைப் பற்றிப் பேசுகையில் தயங்குவது இயல்பு. ஆகவே, எவர் குரல் என்று கேட்பதோடு, எவர் கருவி என்றும் கேட்டாக வேண்டும்.

இனி, பதிவைத் தொகுக்கையில் வெட்டும் கத்தியைக் கவனிப்போம். பி.பி.சி.யில் 1958இல் சார்ல்ஸ் பார்க்கர், இவான் மக்கோல், பெக்கி சீகர் ஆகியோர், நடிகரை விலக்கி, உழைப்பாளரின் சொந்தக் குரலையே பாட்டோடு இழைத்து, ஜோன் அக்சன் என்ற ரயில் சாரதியின் மரணத்தைச் சொன்னது ஒரு புதுவழி. ஆனால் எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்ற அதிகாரம் தொகுப்பவரிடமே இருந்தது. அவ்வதிகாரத்துக்கு நானும் வசப்பட்டேன். கங்காணியை ஏய்த்துத் தேயிலைச் செடிக்குள் ஒளிந்த கதையைச் சொல்லி மூதாட்டி வாய்விட்டுச் சிரித்ததை முதற்பிரதியில் வெட்டிவிட்டேன்; கண்ணீர் மட்டும் மிஞ்சியது. கேட்போர் உருகினர். ஆனால் அவர்கள் கேட்டது அரை மனுஷியை.

ஞாபகமும் பிசகும். அக்காவின் கோச்சிப் பயணத்தையும் 1977 இனக் கலவரத்தையும் மூதாட்டி ஒரே பருவத்தில் நிகழ்ந்தனபோல் சொன்னார். சரித்திரமாக அதை ஏற்க இயலாது. ஆவணத்தை அருகில் வைத்துக் காலத்தைத் தெளிவுபடுத்துவது தொகுப்பவரின் கடமை. அதே வேளையில், இரு பயங்களும் அவர் நெஞ்சில் ஒன்றாய்க் கலந்து கிடப்பதும் ஒரு சத்தியமே. அதைத் திருத்தி அழிப்பதும் பாவம்.

எல்லாவற்றினும் பெரிய குற்றம், குரலை எடுத்துச் சென்று திருப்பித் தராதது. முதல் உலக யுத்தத்தில் ஜெர்மானியச் சிறைமுகாமில் இருந்த இந்தியச் சிப்பாய்களின் குரல்கள் பாஷை ஆராய்ச்சிக்காகப் பதியப்பட்டு, பல்லாண்டுகள் பெர்லின் காப்பகத்தில் உறங்கின. அவர்களுடைய ஏக்கம் மாதிரிப் பொருளாகச் சேமிக்கப்பட்டது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையகத்தார் முன்னோரின் தடத்தில் நடந்தபோது கேட்ட கதைகளுக்கும், வெட்டாத முழுப் பதிவு அவற்றைச் சொன்ன மக்கள் கைக்கே எட்டாவிட்டால், அதே கதி நேரும்.

பின்னர் ஒரு நாள், முழுப் பதிவையும் மூதாட்டியின் லயன் காம்பராவுக்கே கொண்டுபோய், காற்றோடு போட்டுக் காட்டினேன். தம் சிரிப்பு வந்த இடத்தில் மறுபடியும் சிரித்தார். பேச்சு நின்ற இடத்தில், “காத்து நல்லாக் கேக்குது தம்பி, அத எடுத்துறாதீங்க” என்றார். அந்தக் காற்றை இன்றுவரை நான் நீக்கவில்லை.