எண்ணெய்க் கம்பெனியில் ஓர் ஆள்: முனீஃபின் ‘உப்பு நகரங்கள்’

பெரிய எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் ஊழியம் செய்வது எத்தகையது என்பதைச் சம்பளப் பட்டியல் சொல்லாது. கம்பெனி தன் செலவில் எழுதுவிக்கும் வரலாறும் சொல்லாது. சவூதி அரேபியாவில் எண்ணெய் கண்ட கதையை அராம்கோ நிறுவனம் அமெரிக்க நாவலாசிரியர் வாலஸ் ஸ்டெக்னரைக் கொண்டு எழுதச் செய்தது. 1971இல் நூலாக வெளிவந்த அதில் தேடிச் சென்றவர்களின் துணிவு உண்டு. 1938இல் தம்மாமின் ஏழாம் கிணறு பலன் தந்த பரவசமும் உண்டு. மண் சுமந்த அரபியனோ ஓரத்திலேயே நிற்கிறான்.

அவனை நடுவே நிறுத்தியவர் அப்துர் ரஹ்மான் முனீஃப் (1933–2004). சவூதித் தந்தைக்கும் இராக்கியத் தாய்க்கும் அம்மானில் பிறந்தவர். எண்ணெய்ப் பொருளியலில் பெல்கிரேடில் டாக்டர் பட்டம் பெற்று, அத்துறையிலேயே பணியாற்றியவர். ‘முதுனுல் மில்ஹ்’ (உப்பு நகரங்கள்) என்னும் ஐந்து பாக நாவலின் முதற்பாகம் 1984இல் வந்தது. சவூதி அரசு அதற்குத் தடை விதித்தது.

கதை நிகழும் நாட்டிற்கு ஆசிரியர் பெயரிடவில்லை. வாதி அல்உயூன் என்னும் பேரீச்சஞ்சோலை இயந்திரங்களால் அழிகிறது. அங்கிருந்து ஆட்கள் ஹர்ரான் துறைமுகத்துக்கு வேலைக்குச் செல்கின்றனர். சென்றதும் அவர்கள் இழப்பது தங்கள் ஒட்டகங்களை. ஆள் திரட்டும் இப்னு ராஷித் அவற்றை வாங்கிக்கொள்கிறான். ஒட்டகத்தை விற்ற பதுவிக்குத் திரும்பிச் செல்லும் வழியும் அன்றே விலைபோயிற்று என்பதை ஆசிரியர் விளக்கவில்லை; நாமே உணர்கிறோம். பின்னர் இரண்டு ஹர்ரான்கள் எழுகின்றன. அமெரிக்க ஹர்ரானையும் நீச்சல் குளத்தையும் கட்டிய கைகள், மாலையில் அரபு ஹர்ரானின் வெக்கைக்குத் திரும்புகின்றன. தஹ்ரானில் மெய்யாகவே இருந்த பாகுபாடுதான் இது.

நாவலில் என்னை மிகவும் உலுக்கியது ஊழியர் அலுவலக விசாரணை. உன் உறவினர் யார், தொழுகிறாயா என்றெல்லாம் கம்பெனி துருவித் துருவிக் கேட்கிறது. அதே கம்பெனி, மிஸ்பான் என்னும் தொழிலாளி கடலில் மூழ்கி மாண்டு, அவன் சகோதரன் ஹாஜிம் சித்தம் கலங்கியபோது, அவர்கள் நமக்கு யார் என்பதுபோல் இருந்துவிடுகிறது. ஆளைப் பற்றி எல்லாம் அறிய வேண்டும்; ஆளுக்காக எதற்கும் பொறுப்பாகலாகாது! நட்ட ஈடு கேட்டு வரும் முதியவரின் அலைச்சலைச் சொல்லும் பக்கங்கள், எண்ணெயைப் பற்றிய பல தடித்த நூல்களுக்கு ஈடானவை.

அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக் 1988இல் எழுதிய மதிப்புரையில், இது நாவலாகவே அமையவில்லை, நிலைத்து நிற்கும் நாயகன் இல்லை என்று குறைபட்டார். பெயர்கள் குவிந்து வாசகன் திணறுவது உண்மையே; இரண்டு இடங்களில் நானும் பின்னோக்கிப் புரட்ட நேர்ந்தது. ஆனால் நாயகனாக வளரக்கூடிய மித்அப் அல்ஹத்தால், சோலை அழிந்ததும் பாலையில் மறைந்துபோகிறான். நாயகனுக்கு இடமில்லாத ஓரிடத்தைப் பற்றிய கதையில் நாயகனைத் தேடுவது எவ்வகை நியாயம்?

எனக்குள்ள குறை வேறு. வேலைநீக்கம் செய்யப்பட்டோருக்காக எழும் வேலைநிறுத்தத்தில் பாகம் முடிகிறது. நீக்கப்பட்டவர்கள் திரும்பச் சேர்க்கப்படுகின்றனர். வரலாறு அவ்வளவு இனிப்பானதன்று. 1953இல் அராம்கோ தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்தம் தலைவர்கள் சிறைப்பட்டனர். சில சலுகைகள் கிடைத்தன என்பது மெய். ஆயின் 1956இல் வேலைநிறுத்தமே அரச ஆணையால் குற்றமாக்கப்பட்டது. இதையெல்லாம் நன்கறிந்த முனீஃப், கடைசி அத்தியாயத்தில் தம் தொழிலாளரிடம் இரக்கம் காட்டிவிட்டார் என்றே தோன்றுகிறது.

இன்னொன்று: அராம்கோவில் இந்தியரும் பாகிஸ்தானியரும் உழைத்தனர். அவர்களை இந்த ஹர்ரானில் தேடினேன். வளைகுடாவிலிருந்து வரும் கடிதத்திற்காகத் தபால்காரரை எதிர்பார்த்திருந்த நம் கடலோர ஊர்களின் வாசகர், அப்பக்கங்களில் தம் வாப்பாவைக் காணமாட்டார்.