நெறியாளரின் நாற்காலி

சமய உரையாடலில் அவையை நடத்துபவரின் கடமை யாது? பட்டிமன்றங்களைச் சுவைத்துப் பழகிய நமக்கு, நடுவர் என்றவுடன் தீர்ப்பே நினைவுக்கு வருகிறது. இரு அணியினரும் பேசி ஓய்ந்தபின் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருக்கிறோம். அதே பழக்கம் நம் அன்பியக் கூட்டங்களுக்கும் பங்குப் பேரவைகளுக்கும் நம்மைத் தொடர்ந்து வந்துவிட்டதோ என்னும் ஐயம் நமக்கு நெடுநாளாக உண்டு. அந்த ஐயத்தோடு பழைய ஏடு ஒன்றை அண்மையில் மீண்டும் படித்தோம். 411ஆம் ஆண்டு வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் நடைபெற்ற மாநாட்டின் நடவடிக்கைக் குறிப்புகளே அந்த ஏடு.

பின்னணியைச் சுருங்கச் சொல்வோம். 303ஆம் ஆண்டு தொடங்கிய வேதகலாபனையில் திருநூல்களைக் காட்டிக்கொடுத்தவர்கள் சிலர். அத்தகையோர் அளித்த திருவருட்சாதனங்கள் செல்லுமா என்ற வினாவில் ஆப்பிரிக்கத் திருச்சபை இரண்டாகப் பிளந்தது. பிரிந்து நின்றோர் தொனாத்தியர் எனப்பட்டனர். ஊருக்கு ஊர் இரண்டு ஆயர்கள், இரண்டு பீடங்கள் என்று ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழிந்தன. இறுதியில் பேரரசர் ஒனோரியுஸ் இரு தரப்பினரையும் ஓரிடத்தில் கூட்டுமாறு ஆணையிட்டு, மார்செலீனுஸ் என்ற அரசு அலுவலரை அவைத் தலைவராக அனுப்பினார். ஜூன் 1, 3, 8 ஆகிய மூன்று நாட்கள் அவை கூடிற்று. இரு பக்கமும் 270க்கு மேற்பட்ட ஆயர்கள் கார்த்தேஜுக்கு வந்திருந்தனர். கத்தோலிக்கர் சார்பில் பேசியவருள் முதன்மையானவர் இப்போ நகர் ஆயர் புனித அகுஸ்தினார்.

இலக்கியச் சுவை தேடி இந்த ஏட்டைத் திறப்பவர் ஏமாற்றமே அடைவார். யார் வழக்காடி, யார் எதிர்வழக்காடி என்பதிலேயே பக்கம் பக்கமாய் வாதம் நீள்கிறது. மூன்றாம் நாள் நடவடிக்கையின் இடையிலேயே ஏடு அறுந்து நின்றுவிடுகிறது. எஞ்சியதை அகுஸ்தினார் எழுதிய சுருக்கத்தைக் கொண்டே அறிகிறோம். எனினும் அந்தச் சலிப்பூட்டும் பக்கங்களிலேதான் இதன் பெருமை இருக்கிறது என்பது நம் கருத்து. பேசியவர் எவரானாலும் அவர் சொன்னது சொன்னபடி சுருக்கெழுத்தில் எழுதப்பட்டது. எழுதுவோரைக் கண்காணிக்க இரு தரப்பும் தத்தம் ஆயர்களை அமர்த்தின. பேசியவர் தம் சொற்களைப் படித்துப் பார்த்துத் தாமே கையொப்பமிட்டார். இரண்டாம் நாள் தொனாத்தியர், எழுதியதைச் சரிபார்க்கக் கால அவகாசம் வேண்டும் என்றனர். மார்செலீனுஸ் அவையை ஒத்திவைத்தார். தோற்கப்போகிறவனின் சொல்லும் சிதையாமல் நிற்க வேண்டும் என்ற அக்கறையை இங்கே காண்கிறோம்.

இன்னொரு காட்சி நம் மனத்தை விட்டு அகலவில்லை. ஆயர்களை அமருமாறு மார்செலீனுஸ் வேண்டினார். தீயோரோடு ஒரே அவையில் அமர்வது தகாது எனத் திருப்பாடலைச் சான்று காட்டித் தொனாத்தியர் மறுத்துவிட்டனர். அவர் சினக்கவில்லை, ஆயர்கள் நிற்கும்போது தாம் அமர்வது முறையன்று என்று தம் நாற்காலியையும் அகற்றச் செய்து நின்றார். அதற்கு முன்பே, தம்மீது நம்பிக்கை இல்லையெனில் தமக்கு இணையாக மற்றொரு நடுவரைத் தொனாத்தியரே தேர்ந்துகொள்ளலாம் என்றும் அறிவித்திருந்தார். அதிகாரம் உடையவர் அதைப் பிறர்பொருட்டு ஒதுக்கிவைத்த அரிய நிகழ்ச்சி இது.

இத்தனை சிறப்பிருந்தும் இந்த ஏட்டை முழு மனத்துடன் புகழ நம்மால் இயலவில்லை. காரணம், மார்செலீனுஸ் நெறியாளராக மட்டும் வரவில்லை, தீர்ப்பாளராகவும் வந்தார். தீர்ப்பின் பின்னால் பேரரசின் வாள் நின்றது. தொனாத்தியருக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. 412ஆம் ஆண்டின் சட்டம் அவர்கள்மேல் தண்டத்தொகைகளைச் சுமத்திற்று. கத்தோலிக்கராகிய நமக்குத் தீர்ப்பின் கோட்பாட்டில் ஐயமில்லை: அருட்சாதனத்தின் ஆற்றல் அதை அளிப்பவரின் புனிதத்தைச் சார்ந்ததன்று. ஆனால் உண்மை வென்ற அவையிலேயே உரையாடல் தோற்றது. முடிவு முன்னமே எழுதப்பட்டது என்று கருதியவர்கள் பேச வரவில்லை, தற்காத்துக்கொள்ளவே வந்தார்கள். அவர்கள் கையாண்ட காலத்தாழ்த்தும் உத்திகளை நம் நூலாசிரியர்கள் எள்ளி நகையாடுவதுண்டு. வாளின் நிழலில் நிற்பவனுக்குக் காலத்தாழ்ச்சியன்றி வேறு கேடயம் ஏது? இதை ஓரளவு உணர்ந்தவர் போலும் அகுஸ்தினார். குற்றம் புரிந்த தொனாத்தியருக்கு மரண தண்டனை வேண்டாம் என்று மார்செலீனுசுக்கே மடல் எழுதினார்.

நம் காலத்திற்கு வருவோம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1962 அக்டோபர் 30 அன்று, கர்தினால் ஒத்தவியானி தமக்குரிய பத்து நிமிடத்தைக் கடந்து பேசினார். தலைமை தாங்கிய கர்தினால் அல்ஃபிரிங்க் அவரை நிறுத்தினார், ஒலிவாங்கி அணைக்கப்பட்டது, அரங்கில் கைதட்டல் எழுந்தது. ஒத்தவியானியோ திருப்பீடத்தின் கோட்பாட்டுத் துறையில் அதிகாரம் மிக்கவர், கண்பார்வை மங்கியவர். இருவாரமளவு அவர் சங்கத்திற்கு வரவில்லை. கால வரையறை வலியவருக்கும் பொருந்தியதை நாம் குறைகூறோம்; அது நீதியே. கைதட்டலைத்தான் குறை கூறுகிறோம். ஒருவரின் பேச்சை நிறுத்தலாம்; அவரைச் சிறுமைப்படுத்த அவைக்கு உரிமை இல்லை. மறு ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுல் நான்கு கர்தினால்களை நெறியாளர்களாக நியமித்தார். ஆயினும் அவர்களுடைய அதிகாரத்தின் எல்லை எது என்பதே சங்கத்தில் பூசலாயிற்று. எல்லை வகுக்கப்படாத நாற்காலி, அமர்பவருக்கும் இடர், அவைக்கும் இடர்.

அப்படியாயின் நெறியாளர் கருத்தே சொல்லக் கூடாதா? திருத்தூதர் பணிகள் நூலின் 15ஆம் அதிகாரம் இதற்கு விடையளிக்கிறது. எருசலேமில் நெடிய விவாதம் நடந்தது. பேதுரு பேசினார், பர்னபாவும் பவுலும் பேசினர், மக்கள் அமைதியாய்க் கேட்டனர். அவர்கள் பேசி முடித்தபின்னரே யாக்கோபு வாய் திறந்தார். திறந்தவுடன் பேதுரு சொன்னதை எடுத்துக் கூறி, அதன்பின்னரே தம் முடிவை வைத்தார். கடைசியில் பேசுதல், பிறர் சொன்னதை முதலில் சொல்லுதல்: இவ்விரண்டும் போதும் என எண்ணுகிறோம். திருச்சபையின் போதனையைக் காக்கும் பொறுப்பு குருவுக்கு உண்டு, அதை மறுக்கவில்லை. எனினும் போதனையைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு நம் வசதியைக் காத்துக்கொள்ளும் நாட்கள் உண்டு.

அப்படியொரு நாளை இங்கே அறிக்கையிடக் கடமைப்பட்டுள்ளோம். சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பங்கில், திருவிழாவுக்கு முந்தைய பேரவைக் கூட்டம். கடைசி வரிசையிலிருந்து முதியவர் ஒருவர் எழுந்தார். பாதுகாவலரின் தேர் தம் தெருவுக்குள் ஏன் வருவதில்லை என்று கேட்கத் தொடங்கினார். அவை சலசலத்தது. முன்வரிசையில் சிலர் நம்மைப் பார்த்தனர். அந்தப் பார்வையின் பொருள் நமக்குத் தெரியும். "இது இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை" என்றோம். அமைதி திரும்பியது. அவையை நன்கு நடத்தியதாக அன்று நமக்கொரு மனநிறைவும் இருந்தது. மார்செலீனுசுக்காவது பேரரசரின் ஆணை என்றொரு சாக்கு இருந்தது. நமக்கு எந்த ஆணையும் இல்லை. முன்வரிசையின் பார்வை ஒன்றே போதுமாயிருந்தது.

அதன்பின் அவர் பேரவைக்கு வரவில்லை. ஞாயிறு திருப்பலிக்கு மட்டும் வந்தார், கடைசிவரை. அவரை மந்திரித்து அடக்கம் செய்ததும் நாமே.

இன்று மன்றாட்டுகளிலும் கூட்டங்களிலும் "இணைந்து நடத்தல்" என்று அடிக்கடி பேசுகிறோம். உரோமையில் 2023, 2024 ஆண்டுகளின் ஆயர் மாமன்றத்தில் வட்ட மேசைகளைச் சுற்றி, பொதுநிலையினரும் ஆயர்களும் முறைவைத்துப் பேசினார்கள். நடுநடுவே மௌனம் காத்தார்கள். நல்ல முறை. ஆனால் மேசை வட்டமாயிருப்பதால் மட்டும் கடைசி வரிசை மறைந்துவிடாது.

கார்த்தேஜ் ஏட்டை மூடிவைத்தபின், அந்தப் பங்கின் பேரவைக் குறிப்பேட்டை நினைத்துப் பார்த்தோம். பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன் தோற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை இன்றும் சொல்லுக்குச் சொல் படிக்க முடிகிறது. அந்த முதியவர் சொல்ல வந்தது எங்கும் இல்லை. அன்றைய பக்கத்தின் கடைசி வரி நம் கையெழுத்திலேயே இருக்கிறது: கூட்டம் செபத்துடன் இனிதே நிறைவுற்றது.