பழைய கைப்பிடிக்குப் புதிய உத்தியோகம்

கோயம்புத்தூரின் கணபதி, ஆவாரம்பாளையம் போன்ற இடங்களில் உள்ள சிறு பட்டறைகளில், பல வருஷங்களாக உழைத்துவரும் பெல்ட் லேத்துகளுக்கு, மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றும் வி.எஃப்.டி. டிரைவ் கட்டி, வேண்டிய வேகத்தை ஒரு சிறிய திருகுகுமிழில் வரவழைத்துத் தரும் வேலையை அநேகர் வெறும் வயரிங் என்றே எண்ணுகிறார்கள். அதற்கோ, கச்சேரியில் நல்ல பக்கவாத்தியக்காரருக்கு வேண்டிய விவேகம், அதாவது எங்கே ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற ஞானம், அவசியம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

டொலிவோ-டொப்ரவோல்ஸ்கி 1889-இல் உருவாக்கிய கூண்டு ரோட்டர் மோட்டாரின் வமிசத்தில் வந்த இன்றைய மூன்று ஃபேஸ் மோட்டார்கள், மின்சாரத்தின் அதிர்வெண்ணுக்குக் கட்டுப்பட்டவை. நான்கு போல் மோட்டார் நமது 50 ஹெர்ட்ஸில் நிமிஷத்துக்குச் சுமார் 1,440 சுற்று ஓடும். வேகம் மாற வேண்டுமானால், லேத்தை நிறுத்திப் பெல்ட்டைப் படிக்கட்டுப் புல்லியில் இடம் மாற்றுவதே பழைய உபாயம். டிரைவோ, வருகிற மின்சாரத்தை டி.சி. ஆக்கி, அதை அதிசூட்சுமமான துடிப்புகளாக நறுக்கி, நாம் கேட்கும் அதிர்வெண்ணில் மீண்டும் மூன்று ஃபேஸாகக் கொடுக்கிறது. வோல்டேஜையும் அதே விகிதத்தில் குறைப்பதால் முறுக்குவிசை பெரும்பாலும் குன்றுவதில்லை.

இதன் பலன் பிரத்தியட்சமாகத் தெரிவது, வட்டின் முகப்பைச் சீவும் ஃபேசிங் வேலையின்போதுதான். நூறு மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்பு வட்டு 320 சுற்றில் ஓடுகையில், விளிம்பில் நிமிஷத்துக்கு 100 மீட்டர் வேகத்தில் வெட்டுகிற டூல், விட்டம் 20 மில்லிமீட்டராகச் சுருங்கும் இடத்தை அடையும்போது 20 மீட்டர் வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. அதனால்தான் விளிம்பு கண்ணாடிபோல் மின்னினாலும் நடுப்பகுதி மங்கிச் சொரசொரத்துப் போகிறது. டிரைவ் கட்டிய லேத்தில் தேர்ந்த டர்னர் வலக்கையால் டூலை மையத்தை நோக்கி நகர்த்திக்கொண்டே, இடக்கையால் குமிழை மெல்ல மெல்லத் திருப்பி வேகத்தை உயர்த்துவதையும், டூல் முனையிலிருந்து எழும் உலோகச் சுருள் நிறமும் வளைவும் மாறாமல் வந்துகொண்டே இருப்பதையும் அருகில் நின்று பார்ப்பது ஒரு பாக்கியம். மெல்லிய ஷாஃப்ட் அதிர்ந்து கூவத் தொடங்கினால், சில சுற்றுகள் கூட்டியோ குறைத்தோ அந்தக் கூவலை அவர் அடக்கிவிடுவதும் உண்டு.

இனி கட்டுகிற கையின் அழகு. லேத்தை முன்னும் பின்னும் சுழலவைக்க டர்னர் பழகிய கைப்பிடிக்குள் மோட்டாரின் மின்சாரமே ஓடுகிறது. சோம்பல்பட்டவர் அதை டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே அப்படியே விட்டுவைக்கிறார். ஓட்டத்தின் நடுவில் ஒருமுறை தட்டினால் டிரைவின் டிரான்சிஸ்டர்கள் நாசமாகலாம். சிரத்தையுள்ளவரோ டிரைவின் யு, வி, டபிள்யூ முனைகளை நேரே மோட்டாருக்குக் கொண்டுபோய், கைப்பிடிக்குச் சமிக்ஞை கொடுக்கும் உத்தியோகத்தை மட்டும் ஒப்படைக்கிறார்; டர்னரின் கை பழைய வழக்கத்தை மாற்ற வேண்டியதே இல்லை. சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட்டில் ஓடும் டிரைவானால், 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டியிருக்கும் சிறு மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திறந்து, பித்தளைப் பட்டைகளை டெல்டாவுக்கு மாற்றிப் போடவும் அவர் மறப்பதில்லை. இரும்புத்தூள் புகாத பெட்டிக்குள் டிரைவை வைப்பதும், மின்சாரத்தை நிறுத்தியபின்னும் கெப்பாசிட்டர்களில் தங்கும் வோல்டேஜ் வடியும்வரை உள்ளே கை வைக்காமல் காத்திருப்பதும் சொல்லாமலே விளங்கும்.

குமிழ் வந்துவிட்டது என்பதற்காக, வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் பேக் கியரை ஒதுக்கச் சொல்பவரை நான் நம்புவதில்லை. பத்து ஹெர்ட்ஸில் மோட்டார் தரக்கூடிய சக்தி ஐந்தில் ஒரு பங்குதான். அதன் விசிறியும் சோம்பிச் சுழல்வதால் சூடு ஏறும். கனத்த வெட்டுக்கு உரிய பலம் இன்றும் அந்தப் பழைய பற்சக்கரங்களிடமே இருக்கிறது.

கடைசியாக, நிறுத்தும் நேரம். பழைய லேத்துகள் பலவற்றில், வேலைத்துண்டைப் பிடிக்கும் சக், சுழலும் ஸ்பிண்டிலின் மரையில் திருகி ஏற்றப்பட்டது. டிரைவ் சட்டென்று பிரேக் பிடித்தால், கனமான சக் தன் வேகத்திலேயே மரை கழன்று வெளியே உருண்டுவிடலாம். ஆகையால் நல்ல கைகாரர் மீட்டரையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுப்பதற்கு முன்பே ஸ்பிண்டில் முனையைக் குனிந்து பார்க்கிறார். மரை இருந்தால் வேகம் நிதானமாக இறங்கும்படி சில விநாடிகளை வைக்கிறார். முனையைப் பார்க்காமல் அந்த விநாடிக் கணக்கைப் போடுகிறவரிடம் நான் எந்த லேத்தையும் ஒப்படைக்கமாட்டேன்.