படம் நீளமா, கதை குட்டையா?

"இப்போது வருகிற படமெல்லாம் ரொம்ப நீளம், ஸார்!" என்று சொல்லாதவர்கள் இல்லை. சினிமாக் கொட்டகையை விட்டு வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தால், கல்யாண வீட்டில் மூன்று பந்தி காத்திருந்து, நான்காவது பந்தியில் ஆறிப்போன சாதம் சாப்பிட்டவர்களைப் போல் இருக்கிறது. சாப்பிட்டது என்னவோ நிஜந்தான். பசிதான் எப்போதோ போய்விட்டது.

இந்தப் புகாரில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதி ஞாபக மறதி. 'அந்தக் காலத்தில் படங்கள் கச்சிதமாக இருந்தன' என்று சொல்கிற பெரியவர்களைக் கேட்கிறேன்: எந்தக் காலத்தில்? 1948-இல் வந்த ஜெமினியின் 'சந்திரலேகா' மூன்று மணிக்கு மேல் ஓடிய படம். 1958-இல் எம்.ஜி.ஆர். தாமே டைரக்ட் செய்த 'நாடோடி மன்னன்' மூன்றரை மணியைத் தாண்டியது. 1964-இல் ராஜ் கபூரின் 'சங்கம்' ஏறக்குறைய நான்கு மணி நேரம். அதற்கு இரண்டு இடைவேளை விட்டார்கள். கடல் கடந்து போனால், 1939-இலேயே 'கான் வித் தி விண்ட்' நான்கு மணியை எட்டிப் பார்த்துவிட்டது. சினிமா என்ற வார்த்தையே நம் ஊருக்கு வருமுன், தெருக்கூத்து இரவில் தொடங்கி விடியும்போதுதான் முடிந்துகொண்டிருந்தது. பார்க்கிறவர்கள் அதற்காக வழக்குப் போடவில்லை.

இன்றைய கணக்கும் அப்படி ஒன்றும் சாதனை அல்ல. 2023-இல் வந்த 'ஓப்பன்ஹைமர்' மூன்று மணி. அதே ஆண்டில் மார்ட்டின் ஸ்கார்ஸேஸி எடுத்த 'கில்லர்ஸ் ஆஃப் தி ஃப்ளவர் மூன்' மூன்று மணி இருபத்தாறு நிமிஷம். 2024-இன் 'தி ப்ரூட்டலிஸ்ட்' மூன்று மணி முப்பத்தைந்து நிமிஷம். இடைவேளை என்ற வழக்கத்தையே மறந்துபோயிருந்த மேல்நாட்டுக் கொட்டகைகளில், படத்துக்குள்ளேயே கால் மணி இடைவேளையும் வைத்துக் கொடுத்தார்கள். நம் பக்கத்தில் 2024-இல் 'புஷ்பா 2' மூன்று மணி இருபது நிமிஷம் ஓடியது. அது போதாதென்று 2025 ஜனவரியில் இன்னும் இருபது நிமிஷம் சேர்த்துத் திரும்பப் பரிமாறினார்கள்!

ஆகவே, 'எவ்வளவு நேரம்?' என்று கடிகாரத்தைக் கேட்டுப் பிரயோசனமில்லை. 'எதற்காக அவ்வளவு நேரம்?' என்று படத்தைத்தான் கேட்க வேண்டும்.

பிலிம் என்பது ஒரு காலத்தில் ஜவுளி மாதிரி அடிக்கணக்கில் வாங்குகிற சரக்காக இருந்தது. 35 மில்லிமீட்டர் பிலிம் நிமிஷத்துக்கு 90 அடி வீதம் ஓடும். இரண்டாவது உலக யுத்தத்தின்போது அந்தச் சரக்குக்குப் பஞ்சம் வந்தது. 'ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது' என்று சர்க்கார் உத்தரவு போட்டது. கணக்குப் பார்த்தால், இரண்டு மணிக்கு இரண்டு நிமிஷம் கூட. அதுவரை தாராளமாகச் செலவழித்துப் பழகியிருந்த படமுதலாளிகளுக்கு அது ரேஷன் அரிசி மாதிரிதான் இருந்திருக்கும்.

அந்த ரேஷன் காலத்தில், 1944 தீபாவளிக்கு வந்தது 'ஹரிதாஸ்'. தியாகராஜ பாகவதர் நடித்து, சுந்தர்ராவ் நட்கர்ணி டைரக்ட் செய்த படம். பெற்றோரை அவமதிக்கிற செல்வச் செருக்கு, தாசி மோகம், சொத்தை இழப்பது, காலை இழப்பது, புத்தி வருவது, பெற்றோர் பணிவிடையே பக்தியாவது: இத்தனையும் அந்தப் பதினோராயிரம் அடிக்குள் அடக்கம். பாட்டுக்கும் குறைவில்லை, என்.எஸ். கிருஷ்ணன் - மதுரம் ஜோடியின் ஹாஸ்யத்துக்கும் குறைவில்லை. சென்னை பிராட்வே கொட்டகையில் அந்தப் படம் மூன்று தீபாவளிகளைப் பார்த்தது. நீளத்தைக் குறைத்ததனால்தான் ஓடியது என்று நான் சொல்ல வரவில்லை. பாகவதர் வாயைத் திறந்தாலே ஓடியிருக்கும். ஆனால் நீளம் குறைந்ததனால் எதுவும் குறைந்துவிடவில்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி தமிழ் சினிமாவில் கிடையாது.

யுத்தம் முடிந்தது, கட்டுப்பாடு போயிற்று, 'சந்திரலேகா' வந்தது. அதை நீளம் என்று குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அதன் தர்மம் வேறு. அது விருந்து. ராஜ குமாரர்கள் இருவரின் சண்டை என்கிற ஒரு மெல்லிய நூலில் சர்க்கஸ், நாட்டியம், ஹாஸ்யம், கத்திச் சண்டை எல்லாவற்றையும் கோத்துக் கொடுத்தார் வாசன். பிரும்மாண்டமான முரசு நாட்டியம் முடிந்ததும் முரசுகளுக்குள்ளிருந்து வீரர்கள் வெளியே குதிக்கிறார்களே, அந்த ஒரு காரியத்துக்காக அவ்வளவு நேரம் ஆடியதும் தகும் என்று தோன்றிவிடுகிறது. அந்த வகைப் படத்தில் ரஸிகனுக்கும் ஒரு சுதந்திரம் இருந்தது. பிடிக்காத பாட்டின்போது எழுந்து போய் ஒரு சோடா குடித்துவிட்டு வரலாம். கதை அவனுக்காகக் காத்திருக்கும்.

இன்றைய படங்களில் பாட்டு குறைந்துவிட்டது. தனியாக ஓடிய ஹாஸ்யப் பகுதி அநேகமாகப் போய்விட்டது. அப்படியானால் படம் முக்கால் மணியாவது சுருங்கியிருக்க வேண்டுமே! சுருங்கவில்லை. காலியான இடத்தில் யார் குடியேறினார்கள்?

முதல் குடித்தனக்காரர், கதாநாயகரின் நடை. விநாடிக்கு 24 படம் ஓடுவது வழக்கம். 48 படமாக எடுத்து அதை 24-ஆக ஓட்டினால், பத்து விநாடி நடை இருபது விநாடியாகிவிடும். கதாநாயகர் காரிலிருந்து இறங்குகிறார்; கண்ணாடி அணிகிறார்; திரும்பிப் பார்க்கிறார். ஒவ்வொன்றும் இரட்டிப்பு. இதைப் படம் முழுவதும் பரப்பினால் எவ்வளவு நேரம் என்று வாசகர்களே பெருக்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது குடித்தனக்காரர், இடைவேளை. சோளப்பொரி விற்றால்தான் கொட்டகைக்காரருக்குக் கட்டுபடியாகும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அதன் விளைவாக, நம் படம் ஒவ்வொன்றும் இரண்டு படமாகிவிட்டது. இடைவேளைக்கு முன்னால் ஒரு பெரிய வெடி வெடித்தாக வேண்டும். வெடித்த பிறகு கதை திரும்பத் தரையில் இறங்கி, அடுத்த வெடிக்கு மருந்து இடிக்க வேண்டும். அந்த மருந்துக்காக ஒரு முன்கதை. வில்லனுக்கும் ஒரு முன்கதை. எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது, அடுத்த பாகத்துக்கு விளம்பரமாக இன்னும் ஐந்து நிமிஷம்.

மூன்றாவது, யந்திரம். பிலிமில் எடுத்தபோது ஒவ்வொரு அடிக்கும் காசு. காமிரா ஓடுகிற சத்தமே படமுதலாளியின் பணப்பை அவிழ்கிற சத்தமாகக் கேட்கும். டிஜிட்டல் காமிரா நாள் முழுவதும் ஓடலாம், கேட்பாரில்லை. மலைபோல் குவித்துக்கொண்டு வந்து எடிட்டர் தலையில் கொட்டுகிறார்கள். 'எதை எடுப்பது?' என்று யோசிக்க வேண்டிய வேலை 'எதை விடுவது?' என்று மாறிவிட்டது. விடுவதற்கு மனம் வருகிறதா? எழுதுகிறவர்களுக்கு அந்த அவஸ்தை நன்றாகத் தெரியும். தொடர்கதையில் இன்னும் நாலு வாரம் ஓட்டுங்கள் என்று பத்திராதிபர் சொன்னால், கதாநாயகிக்கு டைபாயிட் வந்துவிடும்.

இப்போது ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. படத்தை வெளியிட்டுவிட்டு, ஜனங்கள் முணுமுணுத்த பிறகு கத்தரிக்கோலைத் தேடுகிறார்கள். 2024-இல் 'இந்தியன் 2' மூன்று மணி நேரப் படமாக வந்தது. சில நாளில் 12 நிமிஷத்தை வெட்டினார்கள். 'கங்குவா'வுக்கும் அதே வைத்தியம். இதில் எனக்கு ஒரு சந்தேகம். அந்தப் பன்னிரண்டு நிமிஷம் இல்லாமலேயே கதை நடக்கிறது என்றால், முதல் நாள் காசு கொடுத்து வந்தவனிடம் எதற்காக அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தைப் பிடுங்கினீர்கள்? வெட்டியும் படம் பிழைக்கவில்லை என்பது வேறு விஷயம். உடம்பு முழுவதும் ஊதியிருக்கும்போது ஒரு விரலை வெட்டினால் இளைத்துவிடுமா?

ஆனால் அதே ஆண்டில் அதே கத்தரிக்கோல் 'மெய்யழகன்' மேலும் விழுந்தது. அங்கேதான் எனக்கு வருத்தம். பிரேம்குமார் எடுத்த அந்தப் படம் 2 மணி 57 நிமிஷம் ஓடியது. வெளிவந்த பிறகு 18 நிமிஷம் குறைத்தார்கள். கதை என்ன? சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டுப்போன ஒருவர், இருபது வருஷத்துக்கு மேலான பிறகு தங்கையின் கல்யாணத்துக்கு வருகிறார். உறவுக்கார இளைஞன் ஒருவன் "அத்தான், அத்தான்" என்று ஒட்டிக்கொள்கிறான். இவருக்கோ அவன் பெயரே ஞாபகம் வரவில்லை. கேட்கவும் கூச்சம். கடைசி பஸ் போய்விடுகிறது. இரவு முழுவதும் அவன் வீட்டில் தங்கிப் பேசுகிறார்கள். அவ்வளவுதான்.

இதை ஒன்றரை மணியில் சொல்ல முடியாதா என்று கேட்கிறவர்கள், அந்த மனிதரின் சங்கடம் எதனால் வளர்கிறது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். முதல் ஐந்து நிமிஷத்தில், "உங்கள் பெயர் மறந்துவிட்டது, தம்பி" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். ஒரு மணி நேரம் அவன் அன்பை அனுபவித்த பிறகு சொல்வது கஷ்டம். அவன் வீட்டில் சாப்பிட்டு, அவன் திண்ணையில் படுத்து, அவன் மனசைத் திறந்து காட்டிய பிறகு, சொல்லவே முடியாது. நேரம் ஆக ஆகத்தான் வெட்கம் கனக்கிறது. விடியற்காலையில் அவர் சொல்லாமல் கொள்ளாமல் நழுவுகிறபோது, நாமும் இரவு முழுவதும் அங்கே தங்கியிருந்தால்தான் அந்தக் கனம் நமக்குத் தெரியும். அந்தப் படத்தில் நேரமே கதை. சில இடங்களில் சரித்திரமும் வீரமும் பேசி அது பிரசங்கமாகிவிடுகிறது. அதை நான் மறைக்கவில்லை. இருந்தாலும், ஒருவருக்கு ஊளைச்சதை போக்கக் கொடுக்கிற மருந்தை இன்னொருவருக்கும் கொடுப்பது வைத்தியம் ஆகாது.

இந்தப் பக்கத்துக்கு ஓர் உதாரணம் சொன்னேன். எதிர்ப் பக்கத்துக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2021-இல் ராட்டர்டாம் படவிழாவில் முதற்பரிசு வாங்கிய வினோத்ராஜின் 'கூழாங்கல்' ஒன்றேகால் மணி நேரப் படம். குடிகாரத் தகப்பன், பள்ளிக்கூடத்திலிருந்து மகனை இழுத்துக்கொண்டு, கோபித்துப் போன மனைவியைத் தேடிப் போகிறான். பையன் பஸ்ஸுக்கு வைத்திருந்த பணத்தைக் கிழித்துப் போட, மதுரைப் பக்கத்துப் பொட்டல் வெயிலில் இருவரும் வீடு வரையில் நடக்கிறார்கள். தாகத்துக்காக வாயில் அடக்கிக்கொண்ட ஒரு கூழாங்கல்லைப் பையன் வீட்டுக்கு வந்து வைக்கிறான். அங்கே ஏற்கனவே கூழாங்கற்கள் குவிந்து கிடக்கின்றன! இப்படி எத்தனை நாள் நடந்திருக்கிறான் என்பதை அந்தக் குவியல் சொல்லிவிடுகிறது. வேறொருவராக இருந்தால் அதற்கு இருபது நிமிஷம் முன்கதையும் ஒரு சோகப் பாட்டும் வைத்திருப்பார். குறுகிய படந்தான், அதில் நடக்கிற தூரம் மட்டும் குறுகியதாகத் தோன்றவில்லை. வெயில் நம் தலையிலும் அடிக்கிறது.

சிறுகதை எழுதுகிறவனுக்கும் நாவல் எழுதுகிறவனுக்கும் உள்ள பாலபாடம் இது. விஷயந்தான் தன் அளவைத் தீர்மானிக்கும். சிறுகதைக்குள்ள விஷயத்தை நாவலாக்கினால் தண்ணீர் கலந்த பால். நாவலுக்குள்ள விஷயத்தைச் சிறுகதையாக்கினால் பால்கோவா என்று நினைத்துத் தீய்ந்த சட்டியைக் கொடுப்பது. சினிமாவில் மட்டும் அளவை விஷயம் தீர்மானிப்பதில்லை. நட்சத்திரத்தின் சம்பளமும், இடைவேளையும், இரண்டாம் பாகமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. 'இவ்வளவு கோடி போட்டிருக்கிறோம். மூன்று மணியாவது காட்ட வேண்டாமா?' என்பது துணிக்கடைக்காரர் நியாயம். அதுவும் முழுக்கச் சரியில்லை. துணிக்கடையில் அளந்து கொடுத்ததைத் தைத்து உடுத்துகிறோம். இங்கே அளந்து கொடுத்த நேரம் நம்முடையது. நம்முடைய ஆயுளிலிருந்து அளந்தது.

இரண்டாவது ஆட்டத்துக்கு வருகிறவர்கள் யார்? பகலெல்லாம் வேலை செய்தவர்கள். மறுநாளும் வேலைக்குப் போக வேண்டியவர்கள். ஆட்டம் முடியும்போது பஸ் கிடையாது. மடியில் குழந்தை தூங்குகிறது. அவர்கள் கொண்டுவந்து கொடுப்பது டிக்கெட் பணம் மட்டுமல்ல, தூக்கமும்கூட. வீட்டில் உட்கார்ந்து திரையில் பார்க்கிறவன் அலுத்தால் நிறுத்திவிட்டு நாளைக்குப் பார்ப்பான். கொட்டகைக்கு வந்தவனுக்கு அந்தப் பொத்தான் இல்லை. அவனிடம் மூன்று மணி கேட்கிறவர், மூன்று மணிக்கும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்.

பதினோராயிரம் அடி உத்தரவு மறுபடியும் வர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வந்தால் 'மெய்யழக'னும் போய்விடும். குரோஸாவாவின் மூன்றரை மணி 'ஏழு ஸாமுராய்'களும் எல்லையிலேயே நிறுத்தப்படுவார்கள். உத்தரவு போடுகிறவர்களுக்கு ஊளைச்சதையும் உயிரும் ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் டைரக்டர் கதையை எழுதிக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு காட்சியையும் எதிரே நிறுத்தி, 'நீ வராவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?' என்று ஒரு கேள்வி கேட்கலாம். வாயைத் திறந்து பதில் சொல்கிற காட்சி இருக்கட்டும். 'நானா? சும்மா, கதாநாயகரோடு நடந்து வந்தேன்' என்று சொல்கிற காட்சியை அங்கேயே திருப்பி அனுப்பிவிட்டால், வெளியிட்ட பிறகு கத்தரிக்கோல் தேட வேண்டியிராது.