வேப்பமரத்தடியில் ஒரு 697

பன்னிரண்டு ஓட்டை போட்ட ஓர் அட்டை. பிஸ்கட் பெட்டியைக் கிழித்து, ஸ்க்ரூ டிரைவரால் குத்தி எடுத்த ஓட்டைகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பேனாவால் எழுதிய எண். முதல் ஓட்டைக்கு அருகே ஓர் அம்புக்குறி, ‘ரேடியேட்டர் பக்கம்’ என்று. சங்ககிரியை அடுத்த எங்கள் சித்தப்பா வீட்டு வாசலில் லாரி இன்ஜின் இறங்கிய அன்று, அதன் புஷ் ராடுகள் பன்னிரண்டும் வரிசை பிசகாமல் இந்த அட்டையில்தான் குத்திட்டு நின்றன.

எல்லாம் ஒரே நீளம், ஒரே பருமன். கலந்து போட்டால் எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. “எல்லாம் ஒண்ணுதானுங்களே சித்தப்பா, மாத்திப் போட்டா என்னாகும்?” என்றேன். அவர் ஒரு ராடை உருவி, அதன் மேல் முனையில் இருந்த சின்னக் குழியை எண்ணெய்த் துணியால் துடைத்துக் காட்டினார். ராக்கரின் உருண்டை முனை வருஷக்கணக்காக அமர்ந்து அமர்ந்து, கண்ணாடி போல் வழவழப்பாகியிருந்த குழி. “நம்ம செருப்ப நாமதான் போடோணும் கண்ணு. அடுத்தவங்க செருப்பு அளவு சரியா இருந்தாலும் கடிக்குமில்ல?”

இன்ஜின் பிரிக்கிற வேலையில் எனக்குப் பிடிபட்ட முதல் நயம் அதுதான். கழற்றுவது பெரிய காரியம் அல்ல. ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய ஜோடிகளைப் பிரித்த பிறகும் ஜோடியாகவே வைத்திருக்கிற பொறுமை இருக்கிறதே, அதுதான் வேலை.

வண்டி, மூக்கு வைத்த பழைய டாடா. இன்ஜின் 697. அந்தப் பெயருக்குள்ளேயே அதன் உடம்பு இருக்கிறது: 6 சிலிண்டர், ஒவ்வொன்றின் விட்டமும் 97 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் 128 மில்லிமீட்டர். ஆறையும் கூட்டினால் 5,675 சிசி. இது பென்ஸ் கம்பெனியின் ஓஎம் 352 இன்ஜினின் அதே அளவு. 1954 முதல் 1969 வரை டாடாவும் பென்ஸும் கூட்டாக ஜாம்ஷெட்பூரில் லாரி செய்தார்கள். அந்தக் கூட்டு முடிந்து எத்தனையோ காலமான பிறகும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ‘டாட்டா பென்ஸ்’ என்றே சொல்வார்கள்.

ஒற்றை லாரிக்காரருக்கு வண்டி நிற்கிற ஒவ்வொரு நாளும் கடன்தான். ஆனாலும் பிரீதர் குழாயில் புகை அடித்தது. ஒவ்வொரு நடைக்கும் ஆயில் ஊற்ற வேண்டியிருந்தது. மேடு ஏறும்போது பின்னால் நீலப் புகை. சிறுவயதில் பட்டறையில் கையாளாக நின்றவர் என்பதால், வாசலிலேயே இறக்கிவிடுவது என்று முடிவு செய்தார்.

கியர் பெட்டி முந்தின நாளே இறங்கிவிட்டது. பானெட், ரேடியேட்டர், வயர்கள், டீசல் பைப்புகள் எல்லாம் காலைக்குள் கழன்றன. அதிலெல்லாம் ரசிக்க ஒன்றுமில்லை, வியர்வைதான். ஆனால் செயின் பிளாக் வேறு. மூன்று இரும்புக் குழாய்களைக் கூம்பாகக் கட்டி நிறுத்தி, உச்சியில் அதை மாட்டியிருந்தார்கள். (வேப்பங்கிளையில் மாட்டலாமே என்று ஒருவர் சொன்னதற்கு, மரத்துக்கும் வலிக்கும், நமக்கும் ஆகாது என்றுவிட்டார் சித்தப்பா.) சங்கிலியை இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுக்கிறார். ஒரு ஆள் நீளம் இழுத்தால் இன்ஜின் ஒரு விரற்கடை எழுகிறது. உள்ளே நாக்கு பல்லில் விழும் ‘டிக் டிக்’ சத்தம். மவுண்டிங் ரப்பரை விட்டு இன்ஜின் எழும்பிய அந்தக் கணத்தில், அதுவரை அமுங்கியிருந்த லாரியின் முன் பட்டை மூச்சு விட்டது போல மெல்ல மேலே வந்தது. அதன் முதுகில் இவ்வளவு பாரம் இருந்ததா என்று அப்போதுதான் தோன்றியது.

ஹெட் போல்ட்டுகளை அவர் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தளர்த்தினார். ஒரே மூச்சில் எதையும் முழுசாகக் கழற்றவில்லை. ஒவ்வொன்றுக்கும் கால் சுற்று, மறுபடி முதலிலிருந்து கால் சுற்று. ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் பிடித்தால் ஹெட் வளைந்துவிடும். இறுக்கும்போது இதற்கு நேர் எதிர், நடுவிலிருந்து ஓரத்துக்கு.

ஹெட் எழுந்ததும் ஆறு பிஸ்டன் தலைகளும் தெரிந்தன. நேரடியாக டீசல் பீய்ச்சும் இன்ஜின் என்பதால் ஒவ்வொரு பிஸ்டனின் நெற்றியிலும் ஒரு கிண்ணம். காற்று ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்காக நசுங்கி, 500 டிகிரிக்கு மேல் கொதித்து நிற்கும்போது, டீசல் அந்தக் கிண்ணத்துக்குள் பனித்தூறலாக விழுந்து தானே பற்றிக்கொள்ளும். நெருப்புப் பொறி தேவையில்லை. ஐந்து கிண்ணங்களில் அந்தத் தூறல் விழுந்த தடம் நான்கு இதழ்ப் பூவாகக் கரியில் பதிந்திருந்தது. ஐந்தாம் எண்ணில் மட்டும் பூ இல்லை. ஒரு பக்கமாக வழிந்த ஈரக் கறை. இன்ஜெக்டர் தூறாமல் சொட்டியிருக்கிறது. சொட்டிய டீசல் சிலிண்டர் சுவரில் இறங்கி எண்ணெய்ப் படலத்தைக் கழுவியிருக்கிறது. சித்தப்பா அதை வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து ஐந்தாம் சிலிண்டருக்குள் விட்டார். “நகத்த வெச்சுக் கீழ இருந்து மேல கொண்டா.”

கொண்டு போனேன். வழவழவென்று வந்த நகம், விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே ‘டக்’கென்று ஒரு படியில் தட்டியது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத படி. பிஸ்டனின் மேல் ரிங் வந்து திரும்புகிற எல்லை அது. அதற்கு மேலே ரிங் தொடவே இல்லை, அதனால் தேயவும் இல்லை.

நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடினால் பிஸ்டன் ஒரு விநாடிக்கு 33 தடவை ஏறி இறங்குகிறது. அந்த ஓட்டத்தில் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் மெத்தை போட்டுவிடுகிறது. ஆனால் உச்சியில், திரும்புவதற்கு முன், ரிங் ஒரு கணம் நின்றாக வேண்டும். நிற்கும்போது மெத்தை மெலிகிறது. வெடிப்பின் சூடும் அழுத்தமும் உச்சத்தில் இருப்பதும் அதே இடத்தில்தான். ஆகவே சுவர் அதிகம் தேய்வது வேகமாக ஓடுகிற நடுவில் அல்ல, நின்று திரும்புகிற உச்சியில். டார்ச் அடித்துப் பார்த்தால், அடிப்பகுதியில் லேத்துக்காரர் ஹோனிங் போட்ட குறுக்குக் கோடுகள் கோலத்துக் கம்பி போல அப்படியே இருக்கின்றன. மேலே போகப் போக அவை மங்கி, உச்சியில் வெறும் கண்ணாடிப் பளபளப்பு. எண்ணெயைப் பிடித்து வைக்கத்தான் அந்தக் கோடுகள். அவை அழிந்த சுவரில் எண்ணெய் நிற்பதில்லை.

படியைச் சுரண்டி எடுத்த பிறகே பிஸ்டன்களை மேல்வழியாக உருவினார்கள். இல்லாவிட்டால் ரிங் அதில் மாட்டி, பிஸ்டனின் பள்ளமே உடைந்துவிடும். ஒவ்வொரு கனெக்டிங் ராடிலும் அதன் மூடியிலும் ஒரே எண் ஒரே பக்கம் அடித்திருக்கிறது. ராடையும் மூடியையும் சேர்த்துப் பூட்டித்தான் அந்த வட்டத்தைக் கடைந்திருப்பார்கள். ஆகவே ஐந்தின் மூடி ஐந்துக்கு மட்டும்தான். உருவிய உடனே மூடியை அதன் ராடிலேயே திரும்பப் பூட்டி வைத்தார் சித்தப்பா, ஒரு நிமிடம்கூடத் தனியே விடவில்லை.

பேரிங் ஷெல்களைத் திருப்பூர் பனியன் வேஸ்ட்டால் துடைத்து, நியூஸ் பேப்பரில் இரண்டு வரிசையாக அடுக்கினோம். எனக்கு அன்று மிகவும் பிடித்த காட்சி இது. புது ஷெல்லின் உட்புறம் மங்கிய வெள்ளி நிறம். அந்த மெல்லிய பூச்சு தேய்ந்தால் அடியிலிருக்கும் செம்பு எட்டிப் பார்க்கும். கனெக்டிங் ராடு ஷெல்களில் மேல் பாதிகள் சிவந்திருந்தன, கீழ்ப் பாதிகள் வெள்ளி மாறாமல் இருந்தன. கிராங்க்கைத் தாங்கும் மெயின் ஷெல்களில் அப்படியே தலைகீழ்: கீழ்ப் பாதி சிவப்பு, மேல் பாதி வெள்ளி. வெடிப்பின் அடி பிஸ்டன் வழியாக ராடில் இறங்குகிறது. ராடின் மேல் பாதி அதைக் கிராங்க் மேல் அழுத்துகிறது. கிராங்க் அந்த அடியைத் தன் அடியிலிருக்கும் ஷெல் மேல் சாய்க்கிறது. அடி வந்த வழி முழுவதையும் அந்தச் செம்பு நிறத்தைத் தொட்டுத் தொட்டே படித்துவிடலாம். அழகான கையெழுத்து.

கடைசியாகக் கிராங்க். இரண்டு பேர் சேர்ந்து தூக்கினார்கள். அதை முனையிலிருந்து பார்த்தால் ஆறு கைகளும் இரண்டிரண்டாக மறைந்து, 120 டிகிரி இடைவெளியில் மூன்றாகத் தெரிகின்றன. ஒன்றும் ஆறும் ஒரு ஜோடி, இரண்டும் ஐந்தும், மூன்றும் நாலும். மூன்று முனை நட்சத்திரம். பென்ஸ் வண்டியின் மூக்கில் இருப்பதைப் போலவே. இதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் பார்த்த கண் அதை விடமாட்டேன் என்கிறது. ‘ஒண்ணு, அஞ்சு, மூணு, ஆறு, ரெண்டு, நாலு’ என்று வெடிக்கும் வரிசையைச் சொல்லிக்கொண்டே சித்தப்பா ஒவ்வொரு கையாக விரலால் தொட்டார். ஐந்தில் விரல் நின்றது. நகத்தால் குறுக்கே இழுத்துப் பார்த்தார். கீறல் இருந்தது. மறுநாள் லேத்துக்குப் போனால் 0.25 மில்லிமீட்டர் குறைத்துச் சாணை பிடித்துவிடுவார்கள்.

கிராங்க்கைப் படுக்க வைத்தால் தன் பாரத்திலேயே வளைந்துவிடும் என்று, ராத்திரிக்கு அதைத் திண்ணைத் தூணோடு நிமிர்த்திச் சாத்தினார்கள். பனி பட்டால் துரு ஏறும். சித்தப்பா உள்ளங்கையில் ஆயில் ஊற்றி, மேலிருந்து கீழ்வரை குழந்தைக்குத் தேய்ப்பது போலத் தேய்த்தார். பழைய வேட்டியைச் சுற்றிக் கயிற்றால் தூணோடு கட்டினார். கை கழுவப் போனவர் பாதியில் திரும்பி வந்து, வாசலில் நின்ற கன்றுக்குட்டியை அவிழ்த்துக் கொல்லைப்புறம் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்தார். அது முட்டித் தொலைத்தால் என்ன செய்வது?