அடைத்து வைத்தால் மட்டும் போதுமா?

இன்குபேட்டர் குஞ்சு வாங்கி வளர்ப்பவர்களுக்கு ஊரில் முதலில் கிடைக்கும் யோசனை, "ஒரு வாரம் கூட்டுக்குள்ளேயே அடைச்சுப் போடு, அப்புறம் தானா வந்து அடையும்" என்பதுதான். நல்ல யோசனை. ஆனால் அதை மட்டும் நம்பி எட்டாம் நாள் காலையில் கதவைத் திறந்துவிட்டு, சாயங்காலம் முருங்கை மரத்தை அண்ணாந்து பார்த்து நிற்பவர்களும் நிறையப் பேர்.

தாய்க்கோழி இருக்கும் வீட்டில் இந்தத் தொல்லை குறைவு. அது பஞ்சாரத்துக்குள் போனால் குஞ்சுகளும் பின்னாலேயே போகும். தாய் கொத்தி விரட்டும் பருவம் வருவதற்குள் இடம் பழகிவிடும். தாயில்லாத குஞ்சுக்கு அந்தப் பழக்கத்தைத் தருவதற்குத்தான் அடைத்து வைக்கிறோம். காட்டுக்கோழி வம்சம் என்பதால் பொழுது சாய்ந்ததும் உயரம் தேடும். இருட்டில் கண் சரியாகத் தெரியாது. தூங்கிப் பழகிய இடத்துக்கே திரும்பும். இந்த இயல்புகளோடு ஒத்துப்போவதால்தான் முறை பலிக்கிறது.

பலிக்காத இடங்களில் பெரும்பாலும் குறை கூட்டில் இருக்கிறது. அந்தி நேரத்தில் ஒரு வெடைக்கோழியைக் கவனியுங்கள். வாசல் வரை வரும், கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கும், பின்வாங்கும், மறுபடி வரும், கடைசியில் கூரைமேல் ஏறி உட்கார்ந்துவிடும். வெளியே இன்னும் வெளிச்சம், உள்ளே கும்மிருட்டு. தெரியாத இடத்துக்குள் அது எப்படிப் போகும்? அதைப் புத்தி கெட்ட கோழி என்று திட்டுவது அநியாயம். உள்ளே அரைமணி நேரம் சின்ன பல்பு ஒன்று எரிந்தால் போதும். உட்காரக் குறுக்குக் கம்பு இல்லாத கூட்டைவிட முருங்கைக் கிளையே அதற்கு மேலாகத் தோன்றும். வாசலிலேயே பெரிய கோழி ஒன்று கொத்தினாலும் இதே கதைதான்.

முதன்முதலாகத் திறந்துவிடும் நேரமும் முக்கியம். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், இரை போடாமல் திறந்தால் குஞ்சு தூரம் போகாது. கடிகாரத்தை நம்ப முடியாது: சென்னையில் கார்த்திகையில் ஐந்தேமுக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும், ஆனியில் ஆறரை தாண்டும்.

"பா... பா..." என்று குருணை தூவி அழைப்பதைச் சிலர் அடைத்து வைப்பதைவிடச் சிறந்த வழி என்கிறார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம். தினமும் எண்ணிப் பார்க்கலாம், தலை தொங்கி நிற்பது கண்ணில் படும், வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போடும் நாளில் துரத்திப் பிடிக்க வேண்டாம். ஆனால் அப்படிப் பழகிய கோழி குரலுக்கு வருகிறது, கூட்டுக்கு வருவதில்லை. கூப்பிடுகிறவர் வெளியூர் போன அன்று அது வேலியோரம் தங்கினால் கீரிக்கோ காட்டுப்பூனைக்கோ இரைதான்.

அடைத்து வைப்பதற்கும் ஒரு விலை உண்டு. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குள் ஒரு வாரம் பூட்டுவது வதை. வாயைத் திறந்து, இறக்கையை விரித்து இரைக்கும். நெருக்கத்தில் ஒன்றன் இறகை ஒன்று பிடுங்கும். நன்றாகப் பழகிய கோழியே திடீரென்று உள்ளே வர மறுத்தால், மறுபடி அடைப்பதற்கு முன் இரவில் டார்ச் எடுத்துப் போய்க் கம்பின் அடிப்பக்கத்தையும் பலகை இடுக்கையும் பாருங்கள். பகலெல்லாம் அங்கே ஒளிந்திருந்து இரவில் ரத்தம் குடிக்கும் செள்ளு மண்டியிருந்தால், எத்தனை வாரம் பூட்டி வைத்தாலும் கோழி அங்கே அடையாது.