கண்ணாடி வீட்டின் வாசகர்: பிரமோதியாவின் புருத் தீவுப் புதினங்களில் எழுத்தும் அதிகாரமும்

விடுதலைப் போராட்ட இலக்கியம் என்று நாம் கற்பிக்கும் படைப்புகளுள் பெரும்பாலானவை போராடுபவரின் குரலிலேயே பேசுகின்றன. அடக்கப்பட்டவர் எழுகிறார், அடக்குபவரை எதிர்க்கிறார், வெல்கிறார் அல்லது வீழ்கிறார். வாசகர் தொடக்கம் முதல் இறுதிவரை அவர் பக்கமே நிற்கிறார். இந்தோனேசியப் படைப்பாளர் பிரமோதியா ஆனந்த தூர் (1925-2006) புருத் தீவுச் சிறைமுகாமில் உருவாக்கிய நான்கு தொடர் புதினங்களுள் முதல் மூன்றும் ஏறத்தாழ இவ்வழியிலேயே செல்கின்றன. நான்காவதாகிய 'ரூமா காச்சா' (கண்ணாடி வீடு) என்னும் புதினத்தில் அவ்வழி முறிகிறது. அதுவரை கதை சொல்லிவந்த மிங்கே என்னும் எழுத்தாளரின் கையிலிருந்த எழுதுகோல், அவரை நாடு கடத்திய காவல் அதிகாரியின் கைக்கு மாறுகிறது.

இம்மாற்றத்தை ஒரு சரிவாகக் கருதும் வாசகர்கள் பலர். முதல் புதினத்தின் உணர்ச்சி வேகம் இங்கு இல்லை, காதல் இல்லை, அரசுக் கோப்புகளின் வறட்சி பக்கங்கள்தோறும் படிந்திருக்கிறது என்பது அவர்தம் குறை. அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் நான்கு புதினங்களுள் காலனித்துவத்தை மிக ஆழமாக அறுத்துக் காட்டுவது இந்நான்காம் புதினமே என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். அதனை நிறுவுவதற்கு முன் இப்படைப்புகள் பிறந்த சூழலைச் சுருக்கமாகக் கூறுதல் வேண்டும்.

பிரமோதியாவைச் சிறையிட்ட ஆட்சிகள் மூன்று. டச்சுக் காலனித்துவ அரசு 1947 முதல் 1949 வரை அவரைச் சிறையில் வைத்தது. சீன வம்சாவளியினர் மீதான ஒடுக்குமுறையைக் கண்டித்து 'ஹோவாக்கியாவு டி இந்தோனேசியா' என்னும் நூலை 1960இல் எழுதியமைக்காக, விடுதலை பெற்ற நாட்டின் சுகார்னோ அரசு அவரைச் சிறையிட்டது. 1965 அக்டோபரில் கைது செய்யப்பட்டபோது அவருடைய நூலகமும் கையெழுத்துப்படிகளும் அழிக்கப்பட்டன. கார்த்தினியைப் பற்றிய வரலாற்று நூலின் பிற்பகுதிகளும், 'காடிஸ் பந்தாய்' புதினத்தின் தொடர்ச்சியாக எழுதப்பட்டவையும் அதில் மறைந்தன. துப்பாக்கிக் கட்டையால் தாக்கப்பட்டதில் அவரது செவித்திறனும் கெட்டது. 1969இல் மலுக்குத் தீவுகளைச் சார்ந்த புருவுக்கு அனுப்பப்பட்டு, 1979 வரை விசாரணையின்றி அங்கு வைக்கப்பட்டார். எழுதத் தாள் கிடைக்காத நிலையில் தம் புதினத்தை 1973இல் உடனிருந்த கைதிகளுக்கு வாய்மொழியாகவே கூறத் தொடங்கினார். பின்னர்த் தட்டச்சுப் பொறி கிடைத்தபின் அது எழுத்துருப் பெற்றது. 'பூமி மனுசியா' (மனிதரின் பூமி) என்னும் முதல் புதினத்தின் இறுதியில் வாய்மொழி 1973 என்றும் எழுத்து 1975 என்றும் ஆசிரியர் குறித்திருப்பது வெறும் தேதிக் குறிப்பாகக் கொள்ளத்தக்கதன்று. எழுத்து பறிக்கப்படக்கூடியது என்பதை அறிந்த ஒருவரின் சான்றாவணம் அது.

எழுதும் மொழி

மிங்கே என்னும் பாத்திரம் தீர்த்தோ அதி சூர்யோ (1880-1918) என்னும் வரலாற்று மனிதரை அடியொற்றியது. 1907இல் 'மேடான் பிரியாயி' இதழைத் தொடங்கிய அவர், இந்தோனேசியச் சுதேசப் பத்திரிகைத் துறையின் முன்னோடியாவார். அவருடைய வாழ்க்கையை 'சாங் பெமுலா' (1985) என்னும் ஆய்வுநூலாகவும் பிரமோதியா வெளியிட்டார். புதினத்தில் மிங்கே 1898இல் சுராபாயாவின் டச்சு உயர்நிலைப் பள்ளி மாணவர். 'மிங்கே' என்பதே டச்சு ஆசிரியர் ஒருவர் அவரைக் குரங்கு என்று ஏச முற்பட்டு இடையில் திரித்த சொல்லிலிருந்து வந்த பெயர். அப்பெயரையே அவர் வாழ்நாள் முழுதும் தாங்குகிறார்.

டச்சு மொழியில் புனைபெயருடன் எழுதிப் புகழ் பெறும் இளைஞர் அவர். ஐரோப்பிய அறிவின் மீது அவருக்கிருந்த காதல் ஒரே நாளில் உடைவதில்லை; சிறிது சிறிதாகக் கசிகிறது. ஒரு காட்சியைச் சுட்டலாம். வட்டார ஆட்சியாளராகிய பூபதியின் முன்னிலைக்கு அழைத்துச் செல்லப்படும் மிங்கே, சாவக மரபுப்படித் தரையில் தவழ்ந்து சென்று வணங்க வேண்டியதாகிறது. நிமிர்ந்து பார்த்தால் புதிதாகப் பதவியேற்ற அப்பூபதி அவருடைய தந்தை! காலனித்துவத்தின் இழிவும் சொந்தச் சமூகத்தின் இழிவும் ஒரே தரையில் கலந்து கிடப்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட இயலாது. எதிரி வெளியே மட்டும் இருக்கிறான் என்னும் எளிய கோட்பாட்டிற்கு இப்புதினம் ஓரிடத்திலும் இசைவதில்லை.

இரண்டாம் புதினமாகிய 'அனாக் செமுவா பங்சா'வில் (எல்லா இனங்களின் பிள்ளை) மொழிச் சிக்கல் கூர்மையடைகிறது. மலாயில் எழுதுமாறு நண்பர்கள் கூறும்போது மிங்கே சினமடைகிறார். அன்று மலாய் அவருக்குச் சந்தை மொழி, கல்லாதவர் மொழி. அதன்பின் கரும்பாலைக்கு நிலத்தைக் குத்தகைக்குக் கொடுக்குமாறு வற்புறுத்தப்படும் துருனோடொங்சோ என்னும் உழவரைச் சந்திக்கிறார். அவ்வுழவரின் துயரைப் பற்றித் தாம் டச்சு மொழியில் எழுதிய கட்டுரையைத் தம்மை வளர்த்த அதே டச்சு நாளிதழ் ஆசிரியர் மறுத்துவிடும்போதுதான், அந்நாளிதழே சர்க்கரை முதலாளிகளின் நலன் காப்பது என்பது அவருக்குத் தெரிய வருகிறது. டச்சு மொழி உண்மையைச் சொல்ல வல்லது. ஆனால் அவ்வுண்மையை அச்சேற்றும் இயந்திரம் மற்றவர் கையில் உள்ளது. துருனோடொங்சோவுக்கோ அம்மொழி தெரியாது. சாவக மொழியோ பேசுபவரின் தகுதிக்கும் கேட்பவரின் தகுதிக்கும் ஏற்பச் சொற்களை மாற்றும் அடுக்குமுறை உடையது. அதில் பேசத் தொடங்கினாலே பணியவும் தொடங்க வேண்டும். மலாயில் அவ்வடுக்கு இல்லை. தீவுக்குத் தீவு அது செல்லும். மூன்றாம் புதினமாகிய 'ஜெஜாக் லங்கா'வில் (அடிச்சுவடு) மிங்கே மலாய் இதழ் நடத்துவதும், வாசகர்களின் முறையீடுகளுக்குச் சட்ட உதவி அளிப்பதும் இம்மொழித் தேர்வின் நேரடி விளைவுகளாகும்.

மலாயைக் கற்று அன்றாடம் புழங்கும் நம் தமிழாசிரியர்களுக்கு இப்பகுதி தனிச்சுவை உடையது. மொழிபெயர்ப்பின் துணையின்றி மூலத்தையே படித்தறியும் வாய்ப்பு நமக்கு உண்டு. நாம் பாடத்திட்டத்தின் மொழியாக மட்டும் அறிந்த ஒன்று, நூறாண்டுக்கு முன் தரையில் தவழ மறுத்த ஒருவர் தேர்ந்துகொண்ட மொழியாக இங்கு வெளிப்படுகிறது.

காவல் அதிகாரியின் எழுதுகோல்

'ரூமா காச்சா'வின் கதைசொல்லி ஜாக் பங்கெமனான். மெனாடோவில் பிறந்த சுதேசி. பிரெஞ்சுக் குடும்பம் ஒன்றால் வளர்க்கப்பட்டு பிரான்சில் கல்வி பயின்றவர். தம் பெயரின் இறுதியில் இரண்டு 'ன்' உண்டு என்பதில் அவருக்கொரு பெருமை. காவல்துறையில் உயர்ந்து, பின்னர்ப் பொய்தென்சோர்க்கில் தலைமை ஆளுநரின் செயலகத்தில் சுதேச இயக்கங்களை ஆராயும் வல்லுநராகிறார். அவருடைய மேசையின் மீது இந்தியத் தீவுகள் அனைத்தும் ஒரு கண்ணாடி வீடாக இருக்கின்றன. உள்ளே இருப்போர் தம்மை யாரோ பார்க்கிறார் என்று அறியார். அவரோ எல்லாவற்றையும் பார்க்கிறார்.

பங்கெமனான் மிங்கேயின் எதிரி. அவரே மிங்கேயின் மிகச் சிறந்த வாசகரும் ஆவார். மிங்கேயிடமிருந்து பறிக்கப்பட்ட கையெழுத்துப்படிகளை அவர் வரிவரியாகப் படிக்கிறார். எது மிகை, எது உண்மை என்று மதிப்பிடுகிறார். மனத்தளவில் மிங்கேயைத் தம் ஆசானாகவே மதிக்கிறார். அக்கையெழுத்துப்படிகளின் தலைப்புகள் நாம் படித்து முடித்த முதல் மூன்று புதினங்களின் தலைப்புகளே. இவ்விடத்தில் வாசகர் திடுக்கிடுகிறார். இதுகாறும் போராளியின் நெஞ்சத்திலிருந்து நேரே நம்மை வந்தடைந்தவை என்று நாம் நம்பிய பக்கங்கள், உண்மையில் அரசின் பெட்டகத்தில் சான்றுப் பொருளாகக் கிடந்தவை. நாம் படிப்பதற்கு முன்னரே காவல்துறை அவற்றைப் படித்துவிட்டது. மிங்கே வாழ்ந்த வீட்டிலேயே இவ்வதிகாரி குடியேறுவதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

புரட்சி இலக்கியம் பற்றிய நம் எண்ணங்களை இக்கதையமைப்பு கடுமையாகச் சோதிக்கிறது. எழுத்து மக்களைச் சென்றடையும், சென்றடைந்ததும் விழிப்பூட்டும் என்று கூறுவது நம் வழக்கம். பிரமோதியா காட்டும் உலகில் எழுத்தை முதலில், முழுமையாக, கவனத்துடன் படிப்பது அரசே. அவ்வாறு படித்துப் பெற்ற அறிவு அரசின் ஆயுதமாகிறது. 1913இல் சூவர்டி சூர்யானிங்ராட், டச்சு விடுதலையின் நூற்றாண்டு விழாவைச் சுதேசிகளின் செலவிலும் கொண்டாட முற்பட்டதை எள்ளி நகையாடிக் கட்டுரை எழுதியதும், அதனால் தம் தோழர்கள் இருவருடன் நெதர்லாந்துக்கு நாடு கடத்தப்பட்டதும் வரலாறு. இவரையும் இவர் தோழர்களையும் ஒத்த மாந்தர் பங்கெமனானின் கோப்புகளில் ஒருவர்பின் ஒருவராக வந்து போகின்றனர். வறட்சி என்று குறை கூறப்படும் பக்கங்கள் இவையே. ஒரு மனிதரின் சினமும் நகைச்சுவையும் எவ்வாறு ஓர் அலுவலக அறிக்கையாகச் சுருங்குகின்றன என்பதைக் காட்ட வேறு நடை பொருந்தியிருக்காது. சுவையான நடையில் எழுதியிருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

இதற்கு விலையும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் இரு புதினங்களின் பெரும் வலிமை அவற்றின் பெண்கள். ஆலை மேலாளருக்குத் தரப்பட வேண்டியவளாகத் தீர்மானிக்கப்பட்ட சுராத்தி, அம்மை பரவிய ஊருக்குள் தானே சென்று நோயை ஏற்று, அதனைத் தன் மேனியில் சுமந்து அவனிடம் செல்லும் பகுதி, எந்த மொழியின் எதிர்ப்பிலக்கியத்திலும் நினைவில் நிற்கத்தக்கது. அவள் ஒரு முழக்கமும் எழுப்புவதில்லை. 'ரூமா காச்சா'வின் பெண்களோ பெரிதும் கண்காணிப்பவரின் பார்வை வழியே மட்டும் தெரிகின்றனர். கதைசொல்லியை மாற்றியதன் தவிர்க்க முடியாத இழப்பு இது எனலாம், இழப்பு இழப்பே.

பங்கெமனான் கொடியவராகப் படைக்கப்படவில்லை. செய்வது தவறென்று அவருக்குத் தெரியும். மதுவுக்கு அடிமையாகிறார், மனைவியும் மக்களும் அவரைப் பிரிந்து ஐரோப்பா செல்கின்றனர். இருப்பினும் அடுத்த நாள் காலை அலுவலகத்திற்குச் செல்கிறார். கற்றவர், நூல்களை நேசிப்பவர், ஆவணக் காப்பகத்தில் அமர்ந்து குறிப்பெடுப்பவர், பிறர் எழுதியதைப் பற்றி எழுதுபவர் - ஆய்வாளர்களாகிய நம் தொழிலுக்கு இவ்வடையாளங்கள் அத்துணை தொலைவிலில்லை. இக்கட்டுரையை எழுதுகையில் எனக்கும் அந்நினைவு வராமலில்லை.

ஆசிரியரின் நிழல்

இங்கு ஒரு நெருடலான செய்தியைத் தவிர்த்துச் செல்லல் நேர்மையாகாது. 1960களின் முற்பகுதியில் பிரமோதியா லெக்ரா என்னும் பண்பாட்டு அமைப்பின் முன்னணிப் படைப்பாளர். 'பிந்தாங் தீமூர்' நாளிதழின் இலக்கியப் பகுதியாகிய 'லெந்தேரா'வின் பொறுப்பாளர். அப்பக்கங்களில் தம் கருத்துக்கு மாறான எழுத்தாளர்களை அவர் கடுமையாகத் தாக்கினார். அத்தாக்குதல்கள் அக்கால அரசியல் சூழலில் சிலருக்கு உண்மையான இடர் விளைவித்தன. 1995இல் அவருக்கு மக்சாய்சாய் விருது அறிவிக்கப்பட்டபோது எழுத்தாளர் பலர் எதிர்ப்புத் தெரிவித்ததும், மொக்தார் லூபிஸ் தாம் முன்னர்ப் பெற்றிருந்த அதே விருதைத் திருப்பியளித்ததும் இதன் தொடர்ச்சியே.

பிரமோதியா இதற்காக வெளிப்படையாக வருந்தியவர் அல்லர். ஆயினும் மற்றோர் எழுத்தாளரை உற்றுப் படித்து, அவரைப் பற்றித் தீர்ப்பெழுதும் ஒருவரின் உள்ளத்தை அவர் இத்துணை நுட்பமாக அறிந்திருந்தது எவ்வாறு? தம்மைக் கண்காணித்தவர்களிடமிருந்து மட்டுமே அவ்வறிவைப் பெற்றார் என்று கொள்ள என்னால் இயலவில்லை. இது சான்றுகாட்டி நிறுவத்தக்க முடிபன்று. வாசகனாக எனக்குத் தோன்றும் ஐயம். எனினும் கண்ணாடி வீட்டின் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவரின் முகம் டச்சுக்காரரின் முகமாக இல்லாமல், கற்ற சுதேசியின் முகமாக இருப்பதற்கு இவ்வையம் ஓரளவு விளக்கமளிக்கிறது.

சுகார்த்தோ ஆட்சி இப்புதினங்களை எவ்வாறு வாசித்தது என்பதும் இவ்விடத்துப் பொருந்துவது. முன்னாள் கைதிகள் கூடி நிறுவிய ஹஸ்தா மித்ரா பதிப்பகம் 1980இல் 'பூமி மனுசியா'வை வெளியிட்டது. 1981 மே மாதத்தில் மார்க்சிய லெனினியக் கருத்துகளைப் பரப்புவதாகக் கூறி அரசுத் தலைமை வழக்குரைஞர் அதனைத் தடை செய்தார். அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த மேக்ஸ் லேன், ஜகார்த்தாவின் ஆஸ்திரேலியத் தூதரகப் பணியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார். 1980களின் இறுதியில் யோக்யகார்த்தாவில் இந்நூல்களை விற்ற இளைஞர்கள் சிறை சென்றனர். டச்சு ஆட்சியைப் பற்றிய கதையில் விடுதலை பெற்ற அரசு தன்னைக் கண்டுகொண்டது என்றே கூற வேண்டும். 'ரூமா காச்சா' 1988இல் வெளிவந்து அதுவும் தடை செய்யப்பட்டபோது, கண்காணிப்பைப் பற்றிய புதினத்தைப் படித்துக் குறிப்பெழுதும் பணி உண்மையான அதிகாரி ஒருவருக்கு வாய்த்திருக்கும். அவர் தம்மை அப்பக்கங்களில் சந்தித்தாரா என்பதைப் புனைகதை ஆசிரியர்தாம் எழுத வேண்டும்.

புதினத்தின் இறுதிக்கு வருவோம். நாடு கடத்தப்பட்டு மீண்ட மிங்கே 1918இல் இறக்கிறார். பங்கெமனான் தம்மிடமுள்ள கையெழுத்துப்படிகளை அழித்திருக்கலாம், பெட்டகத்திலேயே வைத்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. அவற்றுடன் தம் சொந்தக் குறிப்புகளையும், அதாவது தம் குற்றத்தின் ஒப்புதலையும், பிரான்சிலிருந்து மிங்கேயைத் தேடி வந்த சனிக்கெம் என்னும் மூதாட்டியைச் சென்றடையச் செய்கிறார். முதல் புதினத்தில் நியாய் ஒந்தோசோரோ என்று நாம் அறிந்த அதே பெண்மணி அவர். காசாளர் பதவிக்காகத் தந்தையாலேயே ஐரோப்பியர் ஒருவருக்கு 25 கில்டருக்கு விற்கப்பட்டவர். மணச்சட்டம் மனைவியாக ஏற்காதவர். வெள்ளையர் நீதிமன்றம் தாயாகவும் ஏற்காதவர். பள்ளி செல்லாமல் அவ்வீட்டிலேயே படிக்கக் கற்றுக்கொண்டவர். நான்கு புதினங்களின் தாள்களும் இப்போது அவர் கையில் உள்ளன.